கேஸ் குறைஞ்சா காசும் குறையுது: பெருந்தொற்று நேரத்துல மலேரியா நிதி தப்பிச்ச கதை

மலேசியாவுல, பேராக் மாநிலத்து சுங்கை சிப்புட் பக்கம் இப்ப யாருக்காவது காய்ச்சல்னா முதல்ல வாயில வர்றது டெங்கி, அடுத்து கோவிட், மலேரியான்னு யாரும் நினைக்கிறதே இல்ல. எங்க டாமான்ல (குடியிருப்புல) ஒரு அக்கா "அது தோட்டத்துக் காலத்து நோயாச்சே தம்பி, இன்னுமா இருக்கு"ன்னு கேட்டாங்க. கேட்டது நியாயம்தான், 2018-லேர்ந்து மலேசியாவுல உள்ளூர்லயே மனுஷனுக்கு மனுஷன் பரவுற மலேரியா பூஜ்யம்னுதான் பதிவாகுது. ஆனா அந்த பூஜ்யம் தானா வரல, தானா நிக்கவும் நிக்காது. ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்ல காசு ஒதுக்கி, ஆள் வச்சு, ரத்தம் எடுத்து, மைக்ராஸ்கோப்ல பார்த்துக்கிட்டே இருக்கறதாலதான் அது நிக்குது. 2020-ல கோவிட் வந்து எல்லா நாட்டு கஜானாவையும் உலுக்கினப்ப, அந்தக் காசு என்ன ஆச்சு, எங்க தப்பிச்சுது, எங்க வழுக்குச்சுங்கறதைத்தான் இங்க சொல்லப் போறேன். தோட்டத்து ஆளுங்க நமக்கு இது தூரத்து விஷயம் இல்ல.

முதல்ல ஒன்னு புரிஞ்சுக்கணும். மலேரியாவுக்குப் போடற காசு ஒரு தடவை போட்டு முடிக்கிற காசு இல்ல, அது தேதி பார்த்து வரணும், தேதி தப்பினா போட்டதும் வீணாயிடும். இதை நம்ம தோட்டத்து வரலாறே நல்லா சொல்லும்.

நம்ம முன்னோருங்க கப்பல்ல வந்து இறங்கி காட்டை வெட்டி பால்மரம் நட்ட காலத்துல, ஆளுங்க கூட்டம் கூட்டமா காய்ச்சல்ல விழுந்தாங்க. கொசுதான் மலேரியாவை சுமக்குதுன்னு ரொனால்ட் ராஸ் இந்தியாவுல செகந்திராபாத்ல கண்டுபிடிச்சது 1897. அடுத்த நாலு வருஷத்துல, 1901-ல, கிள்ளான்ல மால்கம் வாட்சன்னு ஒரு டாக்டர் அதை நிலத்துல செஞ்சு பார்த்தார். அந்த வருஷம் செப்டம்பர்ல புதுசா திறந்த போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்னைக்கு நாம போர்ட் கிள்ளான்னு சொல்றது, திறந்து கொஞ்ச நாள்லயே மலேரியாவால மூட வேண்டி வந்துச்சு. வாட்சன் சதுப்பு நிலத்துக்கு வாய்க்கால் வெட்டி தண்ணிய வடிய விட்டு, காட்டு நிழலை அகற்றினார், ரெண்டு மூனு வருஷத்துல அங்க காய்ச்சல் நல்லாவே இறங்கிடுச்சு.

ஆனா அதே வைத்தியத்தை மலைப்பக்கத் தோட்டங்கள்ல செஞ்சப்ப பலிக்கல, அதுதான் இதுல முக்கியமான பாடம். கடலோர சதுப்புல இருக்கிற கொசு நிழல் தேடுற ஜாதி, அதனால மரத்தை வெட்டினா அது போயிடும். நம்ம பேராக் மாதிரி மலையோரத்துல இருக்கிறது அனோபிலிஸ் மாக்குலாட்டஸ், அதுக்கு வெயில் படற சுத்தமான ஓடைத் தண்ணிதான் பிடிக்கும். காட்டை வெட்டி ஓடைமேல வெயில் படவிட்டதும் நாமளே அதுக்கு தொட்டில் கட்டி விட்ட மாதிரி ஆயிடுச்சு. அதனால மலைத் தோட்டங்கள்ல ஊத்துத் தண்ணிய மண்ணுக்கடியில குழாய் போட்டு கொண்டுபோனாங்க, மூட முடியாத ஓடைக்கும் காணுக்கும் (சின்ன வாய்க்காலுக்கும்) எண்ணெய் அடிச்சாங்க. வயசானவங்க யாராவது வீட்ல இருந்தா கேட்டுப் பாருங்க, முதுகுல டின்னை மாட்டிக்கிட்டு வாராவாரம் காணு காணா எண்ணெய் அடிச்சுக்கிட்டுப் போற ஆளுங்களைப் பத்தி சொல்வாங்க. ஏன் வாராவாரம்னா, முட்டை புழுவாகி, புழு கொசுவாகி பறக்க ஒன்னு ரெண்டு வாரம் போதும், ஒரு சுத்து தவறினா அந்த ஓடையில இருக்கிற மொத்த புழுவும் கொசுவாயிடும், போன மாசம் அடிச்ச எண்ணெய்க்கு அதுக்கப்புறம் ஒரு மதிப்பும் இல்ல.

அந்தக் காசை தோட்டத்து வெள்ளைக்காரத் தொர போட்டது நம்ம மேல உள்ள பாசத்துல இல்ல, ஆள் படுத்துட்டா மரம் சீவ ஆள் இல்ல, பால் இறங்காது, அதான். லாபத்தை நம்பி நின்ன ஏற்பாடு அது, அதனால தோட்டத்துக்கு தோட்டம் வித்தியாசம் இருந்துச்சு. ஜப்பான்காரன் காலத்துல, 1942-லேர்ந்து 1945 வரைக்கும், காணு தூர்ந்துபோச்சு, எண்ணெய் இல்ல, கொய்னா மருந்தும் கைக்கு எட்டல, மலேரியா மறுபடியும் தலைதூக்குச்சு. ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துட்டுப் போன தமிழாளுங்கள்ல திரும்பி வராதவங்க எத்தனையோ பேர் காலரா, மலேரியா, பட்டினின்னு செத்தவங்கதான். நாப்பது வருஷம் கட்டினது மூனு வருஷத்துல சரிஞ்சுது, மலேரியாவுக்கு அவ்வளவுதான் நேரம் தேவை.

சுதந்திரத்துக்கப்புறம் அரசாங்கம் கையில எடுத்துச்சு. 1961-ல நாட்டுல 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு மேல கேஸ் இருந்துச்சு, 1967-ல ஒழிப்புத் திட்டம் ஆரம்பிச்சாங்க, வீடு வீடா வந்து சுவத்துல டிடிடி கொசு மருந்து அடிச்சாங்க. 1980-ல கேஸ் 44 ஆயிரம் சொச்சத்துக்கு வந்துச்சு, 2000-ல 12 ஆயிரம் சொச்சம், அப்புறம் 2011-லேர்ந்து 2020 வரைக்கும்னு ஒரு ஒழிப்புத் திட்டம் போட்டு 2018-ல மனுஷனுக்கு மனுஷன் பரவுறது பூஜ்யம். ஐம்பது வருஷ வேலை இது, பெரும்பாலும் நம்ம வரிப்பணத்துலதான் நடந்தது.

இந்த மாதிரி பூஜ்யம் பக்கத்துல வந்து நிக்கிற நேரம்தான் ரொம்ப ஆபத்தானதுங்கறதுக்கு பக்கத்து நாட்டு உதாரணம் ஒன்னு இருக்கு. இலங்கையில 1963-ல மொத்த வருஷத்துக்கும் சேர்த்து 17 கேஸ்தான். அவ்வளவுதான் முடிஞ்சுதுன்னு மருந்து அடிக்கிறதை நிறுத்தினாங்க, கவனம் குறைஞ்சுது, அந்தப் பத்து வருஷம் முடியறதுக்குள்ள அரை மில்லியனுக்கு மேல கேஸ். அதுலேர்ந்து மீண்டு மறுபடியும் ஒழிச்சு, கடைசி உள்ளூர் கேஸை 2012-ல பார்த்து, 2016 செப்டம்பர்ல உலக சுகாதார நிறுவனத்துக்கிட்ட சான்றிதழ் வாங்கறதுக்கு கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு ஆயிடுச்சு. இடையில அங்க எத்தனை குடும்பம் அழிஞ்சிருக்கும்னு நினைச்சா மனசு கனக்குது.

இலங்கை மட்டும் இல்ல. 2012-ல வந்த ஒரு ஆய்வு 1930-களுக்கு அப்புறம் உலகத்துல மலேரியா திரும்பித் தலைதூக்கின 75 சம்பவத்தை எடுத்துப் பார்த்துச்சு. அதுல 68-ல தடுப்பு வேலை தளர்ந்து போனது ஒரு காரணம், அந்த 68-ல பாதிக்கு மேல காசு குறைஞ்சதாலதான் தளர்வு வந்திருக்கு. கொசு புதுசா ஏதோ தந்திரம் கத்துக்கிட்டு ஜெயிச்சது கொஞ்சம், நாம கையை எடுத்ததால ஜெயிச்சதுதான் நிறைய.

இந்த நிலைமையில கோவிட் வருது. காசு எப்படி நழுவும்னு பார்த்தா, யாரும் "மலேரியாவுக்கு இனி காசு கிடையாது"ன்னு எழுத்துல போடறது ரொம்ப அபூர்வம். ஆளைத்தான் முதல்ல எடுப்பாங்க. ரத்தப் பரிசோதனை தெரிஞ்ச லேப் ஆள் கோவிட் டெஸ்ட்டுக்குப் போவார், பிசிஆர் மிஷின் அதுக்குப் போகும், ஊர் ஊரா போயி காய்ச்சல்காரங்களைத் தேடுற சுகாதார ஊழியர் கோவிட் தொடர்பு தேடப் போவார். சம்பளம் மலேரியா கணக்குலயே இருக்கும், வேலை இருக்காது. அடுத்து, மலேரியாவுக்கு ரேபிட் டெஸ்ட் கிட் செய்யற கம்பெனிங்க கோவிட் கிட் செய்யத் திரும்பினா லாபம் அதிகம். குளோரோகுயின் குடும்பத்து மருந்து கோவிட்டுக்கு கேட்கும்னு ஒரு பேச்சு கிளம்பி 2020 ஆரம்பத்துல எல்லாரும் வாங்கிக் குவிச்சாங்க. கப்பல் கூலி ஏறுச்சு, கொசு வலை வந்து சேர நாளாச்சு. பட்ஜெட் தாள்ல தொகை அப்படியே இருக்கும், ஆனா அதே தொகைக்கு வாங்கற வலை எண்ணிக்கை குறைஞ்சுடும்.

இதோட ஜனங்க பயமும் சேர்ந்துக்குச்சு. காய்ச்சல்னா வீட்லயே இருங்க, ஆஸ்பத்திரிக்கு ஓடி வராதீங்கன்னு கோவிட்டுக்காக சொன்ன அறிவுரை, மலேரியா உள்ள ஊர்ல கொலைகார அறிவுரை ஆயிடும். ஃபால்சிபாரம்னு சொல்ற ரொம்ப ஆபத்தான மலேரியா வகை வந்த சின்னக் குழந்தைய ரெண்டு மூனு நாள் தாமதிச்சா உயிர் போயிடும். 2014-ல மேற்கு ஆப்பிரிக்காவுல எபோலா வந்தப்பவே இதைப் பார்த்தாச்சு, கினியாவுல கிளினிக்குக்கு வர்ற மலேரியா நோயாளிங்க எண்ணிக்கை பல்லாயிரக் கணக்குல குறைஞ்சுது, நோய் குறையல, ஆளுங்க வரலை அவ்வளவுதான். அந்த எபோலாவால எத்தனை பேர் செத்தாங்களோ, கிட்டத்தட்ட அந்த அளவுக்கு மலேரியாவுக்கு சிகிச்சை கிடைக்காமலும் செத்திருப்பாங்கன்னு அப்ப கணக்கு போட்டவங்க சொன்னாங்க.

அந்த அனுபவம் இருந்ததால 2020 ஏப்ரல்லயே உலக சுகாதார நிறுவனம் ஒரு எச்சரிக்கை கணக்கு வெளியிட்டுச்சு. வலை விநியோகம் மொத்தமா நின்னு, மருந்து கிடைக்கறது முக்கால்வாசி குறைஞ்சா, சஹாராவுக்குத் தெற்க இருக்கிற ஆப்பிரிக்காவுல மட்டும் அந்த ஒரு வருஷத்துல 7 லட்சத்து 69 ஆயிரம் பேர் சாகலாம், அதாவது 2018-ல செத்ததுபோல ரெண்டு மடங்கு. இது பயமுறுத்த போட்ட கணக்குன்னு சிலர் சொல்லலாம், ஆனா நிதி மந்திரிங்க மேஜைக்கு ஒரு எண்ணைக் கொண்டுபோய் வைக்க வேண்டிய நேரம் அது, அந்த எண் அங்க வேலை செஞ்சுதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

நடந்தது என்னன்னா, அவ்வளவு மோசமா போகலை. 2020, 2021 ரெண்டு வருஷத்துலயும் கோவிட் தடங்கலால கூடுதலா 13 மில்லியன் கேஸ், 63 ஆயிரம் சாவுன்னு பின்னாடி கணக்கு வந்துச்சு. 63 ஆயிரம் உயிர் சின்ன எண் இல்ல, பெரும்பாலும் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள ஆப்பிரிக்கக் குழந்தைங்க. ஆனா பயந்த அளவுக்கு போகாம நிறுத்தினது எதுன்னு பார்க்கறது அவசியம், அடுத்த பெருந்தொற்றுக்கு நமக்கு வேண்டியது அதுதான்.

என் பார்வையில ரெண்டு விஷயம் காப்பாத்துச்சு. ஒன்னு, கோவிட்டுக்கு தனிப் பை. எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்காக 2002-ல ஆரம்பிச்ச குளோபல் ஃபண்ட்தான் வெளிநாட்டு மலேரியா உதவியில பாதிக்கு மேல கொடுக்குது. 2020 மார்ச்சுல அவங்க நாடுகளுக்கு என்ன சொன்னாங்கன்னா, உங்க மானியத்துல மிச்சம் இருந்தா 5 சதவீதம் வரைக்கும் கோவிட்டுக்கு எடுத்துக்கலாம், வேற திட்டத்துலேர்ந்து மாத்தறதா இருந்தா அதுவும் இன்னொரு 5 சதவீதம்தான். அதாவது அவசரத்துக்கு கதவைத் திறந்தாங்க, ஆனா எவ்வளவு திறக்கலாம்னு எல்லை வச்சுட்டாங்க. அதுக்கு அடுத்த மாசமே கோவிட்டுக்குன்னு தனி நிதி ஒன்னை ஆரம்பிச்சு புதுக்காசு திரட்டினாங்க, 2021-ல அமெரிக்கா அதுக்கு 3.5 பில்லியன் டாலர் கொடுத்துச்சு. அந்தக் காசுல முகக்கவசம், ஆக்சிஜன், லேப் சாமான்கள் வாங்கினாங்க, மலேரியா ஊழியர் பயமில்லாம வீட்டுக்கு வீடு போறதுக்கு கையுறை, கவசமும் அதுலேர்ந்தே வாங்க முடிஞ்சுது. ஒரு பையிலேர்ந்து இன்னொரு பைக்கு திருடாம இருந்தாலே பாதி பிரச்சனை தீர்ந்துச்சு.

ரெண்டாவது, வேலை செய்யற முறையை மாத்திக்கிட்டாங்க, வேலையை நிறுத்தல. வலை விநியோகம்னா முன்னெல்லாம் ஒரு திடல்ல கூட்டம் சேர்த்து கொடுப்பாங்க. பெனின் நாட்டுல 2020-ல கூட்டம் சேர்க்காம வீட்டு வாசல்லயே கொண்டுபோய் கொடுத்தாங்க, பேப்பருக்குப் பதிலா ஃபோன்ல பதிவு செஞ்சாங்க. அந்த வருஷம் உலகம் முழுக்க கொடுக்கத் திட்டம் போட்ட வலையில கிட்டத்தட்ட முக்கால்வாசி வருஷ முடிவுக்குள்ள போய்ச் சேர்ந்துடுச்சு. மழைக்காலத்துல மாசா மாசம் குழந்தைங்களுக்கு தடுப்பு மாத்திரை கொடுக்கிற திட்டம் 2020-ல சராசரியா 33 மில்லியன் குழந்தைங்களுக்குப் போயிருக்கு, முந்தின வருஷத்தைவிட அதிகம். வலைன்னா சுமார் மூனு வருஷம் தாங்கும், சுவத்துல அடிக்கிற மருந்து ஒரு சீசன்தான் தாங்கும், அந்த மாத்திரைக்கு ஒரு மாசம்தான் ஆயுசு. ஆறு மாசம் காசு தாமதமானா வலை கொஞ்சம் பொறுத்துக்கும், மாத்திரை பொறுக்காது. அந்த ஆயுசை நினைவுல வச்சு எதுக்கு முதல்ல காசு விடணும்னு முடிவெடுத்த இடங்கள் தப்பிச்சுக்கிச்சு.

சீனா 2021 ஜூன் 30-ல மலேரியா இல்லாத நாடுன்னு சான்றிதழ் வாங்கினது அந்த பெருந்தொற்று நடுவுலதான். ஒரு கேஸ் வந்தா ஒரே நாள்ல பதிவு, மூனு நாளுக்குள்ள எங்கிருந்து வந்துச்சுன்னு விசாரணை, ஏழு நாளுக்குள்ள அந்த இடத்துல நடவடிக்கைன்னு அவங்க வச்சிருந்த 1-3-7 முறை, கேஸே இல்லாத நாள்லயும் ஆள் தயாரா இருக்கணும்னு எதிர்பார்க்கிற முறை. கேஸ் இல்லாதப்ப ஆளுக்கு சம்பளம் எதுக்குன்னு கேட்கிற நிதி இலாகா இருந்தா அது நடக்காது.

இப்ப நம்ம வீட்டு வாசலுக்கு வருவோம். மலேசியாவுக்கு மனுஷ மலேரியா பூஜ்யமா இருந்தும் இன்னும் சான்றிதழ் வரல, காரணம் குரங்கு மலேரியா. பிளாஸ்மோடியம் நோலெசின்னு பேர். நீள வால் குரங்கு, பெரோக் குரங்கு இதுங்க உடம்புல இருக்கும், காட்டோரத்துக் கொசு கடிச்சு மனுஷனுக்கு வரும். மனுஷனுக்கு இயற்கையா வந்த முதல் கேஸ் 1965-ல பகாங் காட்டுக்குப் போன ஒரு அமெரிக்கருக்கு, அப்புறம் 2004-ல சரவாக் காப்பிட்ல பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் சேர்ந்த ஆராய்ச்சிக் குழு நிறைய பேருக்கு இருக்குன்னு காட்டினாங்க. 2018-ல நாட்டுல 4 ஆயிரத்துக்கு மேல கேஸ், 2020-ல 2,600 பக்கம் இறங்குச்சு, 2021-ல மறுபடியும் 3,500-ஐத் தாண்டிடுச்சு. சபா சரவாக்லதான் அதிகம், ஆனா கிளந்தான், பகாங், நம்ம பேராக் காட்டோரத்துலயும் இருக்கு. 2020 கணக்கு இறங்கினதை வச்சு நோய் போச்சுன்னு படிச்சா தப்பாயிடும், அது பிகேபி, அதாவது கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு போட்ட வருஷம், ஜனங்க காட்டுப்பக்கம் போனதும் கிளினிக்குக்கு வந்ததும் ரெண்டுமே மாறிப்போன வருஷம்.

இந்த நோலெசிக்கு ஏன் காசும் ஆளும் விடாம இருக்கணும்னா அதோட குணம் அப்படி. மத்த மலேரியா கிருமி ரெண்டு நாளுக்கோ மூனு நாளுக்கோ ஒரு தடவை பெருகும், இது 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை பெருகும், திங்கக்கிழமை லேசா இருந்தவர் வியாழக்கிழமை ஐசியூவுல இருக்கலாம். ரேபிட் டெஸ்ட் இதுக்கு நம்பகமா காட்டாது. அதனால மைக்ராஸ்கோப்தான் கதி. விரல்ல குத்தி ஒரு சொட்டு ரத்தத்தை கண்ணாடிச் சில்லுல தடிமனா ஒரு வட்டம், பக்கத்துல மெல்லிசா இன்னொரு தேய்ப்பு, காயவச்சு கியெம்சா சாயம் போட்டு கழுவி, எண்ணெய் லென்ஸ் வச்சு ஆயிரம் மடங்கு பெருக்கிப் பார்க்கணும். தடிமன் வட்டத்துல நூறு பார்வைப் புலம் பார்த்து ஒன்னும் இல்லைன்னாதான் நெகட்டிவ்னு எழுதணும். அதுலயும் நோலெசி பார்க்கறதுக்கு பிளாஸ்மோடியம் மலேரியேங்கற இன்னொரு மலேரியா கிருமி மாதிரியே இருக்கும், பழகின கண்ணுக்கே குழப்பும், பிசிஆர் வச்சுதான் உறுதி செய்யணும். வாரத்துக்கு ஒரு பாசிட்டிவ்கூட பார்க்காத லேப் ஆளுக்கு இந்தக் கண் மங்கிடும், அதனால திரும்பத் திரும்ப பயிற்சி கொடுத்துக்கிட்டே இருக்கணும். பட்ஜெட் தாள்ல "பயிற்சி"ன்னு ஒரு வரியா இருக்கிறது இதுதான், நெருக்கடி வந்தா முதல்ல அடிபடற வரியும் அதுதான்.

கொசு வலையும் சுவத்து மருந்தும் இதுக்கு பாதிதான் உதவும், ஏன்னா இந்தக் கொசு சாயங்காலம் வெளியிலயே கடிக்குது, கிருமியும் குரங்குகிட்ட இருக்கு, குரங்குக்கு மாத்திரை கொடுக்க முடியாது. மிச்சம் இருக்கிறது சீக்கிரம் கண்டுபிடிச்சு சீக்கிரம் மருந்து கொடுக்கிறது மட்டும்தான். பிகேபி போட்ட அதே 1988 தொற்றுநோய் சட்டத்துலதான் மலேரியாவையும் கட்டாயமா தெரிவிக்கணும்னு இருக்கு, கோவிட் நேரத்துல தொடர்பு தேடி அலைஞ்ச மாவட்ட சுகாதார ஊழியருங்கதான் மலேரியா கேஸ் விசாரணைக்கும் போறவங்க. ஒரே ஆளுக்கு ரெண்டு நோய். அதனால அடுத்த தடவை பெருந்தொற்றுக்கு ஆள் எடுக்கிறப்ப இந்தப் பிரிவுலேர்ந்து எத்தனை பேரை எடுக்கலாம்னு குளோபல் ஃபண்ட் வச்ச மாதிரி ஒரு எல்லை இங்கயும் முன்கூட்டியே எழுதி வச்சா என்ன? தற்காலிக ஆள் எடுக்க தனிப்பணம் ஒதுக்கினா இருக்கிற ஆள் இருக்கிற இடத்துலயே இருப்பார். இது பெரிய செலவு இல்ல, ஒரு மாவட்டத்துக்கு சில பேரோட சம்பளம்.

உலக அளவுல கவலை தீரலை. 2020-ல மலேரியாவுக்குத் தேவைப்பட்டது 6.8 பில்லியன் டாலர், வந்தது 3.3 பில்லியன். 2023-ல தேவை 8.3 பில்லியன், வந்தது 4 பில்லியன். வர்ற தொகை கொஞ்சம் ஏறியிருக்கு, தேவை அதைவிட வேகமா ஏறுது, பாதிக்குப் பாதி இடைவெளி அப்படியே நிக்குது. 2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வச்சதும், பெருந்தொற்று நேரத்துல தாங்கின திட்டங்களே ஆடிப்போச்சு. கோவிட்டுக்கு தனிப்பை கொடுத்த அதே நாடுதான். ஒரே கையை நம்பி நிக்கிற ஏற்பாடு எதுவா இருந்தாலும், அது தொரையோட லாபக் கணக்கா இருந்தாலும் வெளிநாட்டு உதவியா இருந்தாலும், அந்தக் கை எடுத்த அன்னைக்கே விழும். மலேசியா சொந்தக் காசுல செய்யறது நமக்கு பெரிய பலம், அதைக் கேட்டு வாங்கற உரிமையும் நமக்கு இருக்கு. மாநில சட்டமன்றத்துலயும் நாடாளுமன்றத்துலயும் நம்ம ஆளுங்க சுகாதார பட்ஜெட் பேசறப்ப, டெங்கியோட சேர்த்து இதையும் கேட்கச் சொல்லுங்க, காட்டோர கிளினிக்ல மைக்ராஸ்கோப் பார்க்க ஆள் இருக்காரா, கடைசியா எப்ப பயிற்சி கொடுத்தீங்கன்னு.

செம்பனை தோட்டத்துல குலை வெட்டறவங்க, காட்டோரம் டுரியான் தோட்டம் வச்சிருக்கறவங்க, ஆத்துப்பக்கம் மீன் பிடிக்கப் போறவங்க, ஓராங் அஸ்லி (பூர்வகுடி) கிராமங்கள் பக்கம் வேலைக்குப் போறவங்க, இவங்களுக்கு காய்ச்சல் வந்து கோவிட்டும் டெங்கியும் நெகட்டிவ்னு வந்தா வீட்டுக்கு வந்து படுத்துடாதீங்க. காட்டுப்பக்கம் போனேன்னு டாக்டர்கிட்ட வாய்விட்டு சொல்லி, மலேரியாவுக்கு ரத்தச் சில்லு எடுங்கன்னு அன்னைக்கே கேளுங்க. கூட வேலை செய்யற வங்காளதேசத்து, இந்தோனேசியத் தம்பிங்ககிட்டயும் சொல்லி வைங்க, பெர்மிட் பயத்துல கிளினிக் போகாம ரூம்லயே கிடக்கறவங்க அவங்கதான்.